தரையும் சுவரும் ஒரே வார்ப்பில்: கோவைத் தொட்டிகளுக்கு எது ஏற்றது?

சிறுவாணி, பில்லூர்த் தண்ணீர் வரும் நாளில் பிடித்து வைத்தால்தான் உண்டு என்பது கோவையின் பல பகுதிகளில் பழகிப்போன நடைமுறை. நல்ல தண்ணிக்கு ஒரு தொட்டி, போர் உப்புத் தண்ணிக்கு இன்னொன்று என்று கட்டும் வீடுகள் இங்கே ஏராளம். தரைக்கடியில் கட்டும் இந்தச் சம்ப்பைக் கான்கிரீட்டில் அமைக்கும்போது அடித்தளத்தையும் சுவரையும் ஒரே நாளில் சேர்த்து வார்க்கலாமா என்பது இன்ஜினியருக்கும் சென்ட்ரிங் மேஸ்திரிக்கும் இடையே எழும் முக்கியமான கேள்வி.

சேர்த்து வார்ப்பதன் பலம் தெளிவானது. தொட்டி பெரும்பாலும் கசிவது தரையும் சுவரும் சந்திக்கும் மூலையில்தான். அங்கே இணைப்பே இல்லையென்றால் கசிவுக்கான முதல் வழி அடைபடுகிறது. செப்டிக் டேங்க் சில அடி தூரத்தில் இருக்கும் மனைகளில் இது குடும்பத்தின் ஆரோக்கியம் சார்ந்தது. தொட்டி காலியாக இருக்கும்போது வெளி ஈரம் உள்ளே வரும். செலவும் குறைகிறது. உள்ளளவு 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் கொண்ட 12,000 லிட்டர் தொட்டிக்கு, சுவர் 15 செ.மீ., தரை 20 செ.மீ. என்றால், தரைக்கும் சுவருக்கும் சேர்த்து ஏறக்குறைய 4.7 கன மீட்டர் கான்கிரீட் போதும். ஒரு ரெடிமிக்ஸ் லாரியிலேயே வேலை முடிந்துவிடும்.

குறை முழுவதும் ஷட்டரிங்கில் இருக்கிறது. ஈரக் கான்கிரீட் 2 மீட்டர் உயரம் நின்றால், அடியில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 5 டன் அழுத்தம். சவுக்கு முட்டும் கட்டுக்கம்பியும் அதைத் தாங்குமா என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாகிவிடக் கூடாது. உள்பக்கத் தகடுகளுக்குக் கீழே இறுகிய தரை கிடையாது. அவற்றைக் குழியின் மேல் குறுக்குக் கட்டைகளிலிருந்து தொங்கவிட வேண்டும். அடியில் மரத்துண்டு வைத்து நிறுத்தினால் அந்த இடமே பின்னாளில் ஓட்டையாகும். சுவரை வேகமாக நிரப்பினால் கான்கிரீட் தகட்டின் அடி வழியாகப் பிதுங்கித் தரையை மேடாக்கும். பயந்து வைப்ரேட்டரைக் குறைத்தால் சுவரில் தேன்கூடு விழும். கெட்டி மண்ணையே வெளிப்பக்கப் பலகையாக்குவது இன்னும் மோசம்: மண் ஈரத்தை உறிஞ்சும், கம்பிக்குக் கவர் கிடைக்காது.

அடுக்குமாடிகளில் மிவான் அலுமினிய ஃபார்ம் கொண்டு சுவரையும் மேல்தளத்தையும் ஒன்றாக வார்க்கிறார்களே என்று கேட்கலாம். அங்கேயும் சுவர் நிற்பது ஏற்கெனவே இறுகிய தரையின் மீதுதான்.

ஆகவே கோவையின் சாதாரண வீட்டு வேலைக்கு நடுவழியே சரி. தரையோடு சேர்த்துச் சுவரின் முதல் 15 செ.மீ. உயரத்தை மட்டும் கிக்கராக வார்க்க வேண்டும். தரை மட்டத்துக்கு மேலே ஏறிவிடும் இணைப்பில் பி.வி.சி. வாட்டர்ஸ்டாப் பதித்து, மேற்பரப்பைக் கொத்திக் கழுவிய பிறகு மிச்சச் சுவரை எழுப்பலாம். இந்த முறையிலும் ஆபத்து உண்டு: கொத்துவதையும் கழுவுவதையும் அவசரத்தில் விட்டுவிட்டால் இணைப்பு நிச்சயம் கசியும். ஆனால் அந்தத் தவறை வார்க்குமுன் கண்ணால் பார்த்துத் திருத்தலாம். பலகை பிதுங்கியபின் திருத்த வழியில்லை. முழு ஒற்றை வார்ப்பு, ஷட்டரிங்கைக் கணக்கிட்டு வரைந்து தரும் இன்ஜினியரும் டை ராட் பூட்டிய இரும்புத் தகடுகளும் உள்ள இடத்துக்கு மட்டுமே.

எந்த முறையானாலும் ஒன்றை மறக்கக் கூடாது. மூடி போட்டபின் உள்ளே தங்கும் ஈரப் பலகைகள் அழுகி ஆக்சிஜனைத் தின்றுவிடும். சென்ட்ரிங் பிரிக்க இறங்கிய தொழிலாளர்கள் மூச்சுத்திணறி இறந்த செய்திகள் தமிழ்நாட்டில் திரும்பத் திரும்ப வருகின்றன. மூடியைத் திறந்துவிட்டு, காற்றை ஊதி உள்ளே செலுத்தி, வாயுமானியில் சோதித்து, இடுப்புக் கயிற்றோடும் மேலே காவலோடும் மட்டுமே ஆளை இறக்குங்கள். அந்தப் பொறுப்பு மேஸ்திரிக்கு மட்டுமல்ல, வீட்டுக்காரருக்கும் உண்டு.