ஒப்பந்தத்தில் யார் யார் பெயர்?

தமிழ்நாட்டில் எழுதப்படும் வாடகை ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை ஒரே ஒருவரைத்தான் குடியிருப்பவராகக் காட்டுகின்றன. அவர் பெயர், அவர் தந்தை பெயர், ஆதார் எண், கையொப்பம். மனைவி, வேலைக்குப் போகும் மகன், படிப்பை முடித்த மகள், ஊரிலிருந்து வந்து தங்கிவிட்ட தாய் ஆகியோர் ‘குடும்பத்துடன் வசிப்பதற்காக’ என்ற தொடருக்குள் அடங்கிவிடுகிறார்கள். வேறு சில வீட்டு உரிமையாளர்களோ பதினெட்டு வயது நிரம்பிய அனைவரின் பெயரையும் சேர்த்து, அனைவரிடமும் கையெழுத்துக் கேட்கிறார்கள். இரண்டு வழக்கத்திலும் குறை உண்டு. ஆனால் முதலாவதன் குறையை நாம் நெடுங்காலமாகக் கவனிக்கவே இல்லை.

அந்தக் குறை மனைவியின் தலையில் விழுகிறது. கணவன் வீட்டை விட்டுப் போய்விட்டான், வாடகை நின்றுவிட்டது, உரிமையாளர் காலி செய்யச் சொல்லி வழக்குப் போடுகிறார். ஒப்பந்தம் கணவன் பெயரில் இருக்கிறது, அவனோ நீதிமன்றத்துக்கு வரவில்லை. உள்ளே பிள்ளைகளோடு இருப்பவள் என்ன செய்வாள்? பெங்களூரைச் சேர்ந்த பி.பி.அச்சலா ஆனந்த் வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை சொன்னது. கைவிடப்பட்ட மனைவி அந்த வீட்டிலேயே வசித்துவந்தால், கணவனின் இடத்தில் நின்று வழக்காடலாம். ஆனால் கணவனுக்கு இருந்ததைவிடக் கூடுதலான உரிமை எதையும் அவள் கோர முடியாது. மணமுறிவு ஆகிவிட்டாலோ, தீர்வில் குடியிருப்பைப் பற்றி எழுதப்பட்டிருந்தால் ஒழிய அந்த வாய்ப்பும் இல்லை. அந்த வழக்கில் மேல்முறையீடு செய்த பெண்ணுக்கு வீடு கிடைக்கவில்லை. ஒப்பந்தத்தில் அவர் பெயரும் இருந்திருந்தால், யாருடைய இடத்திலும் நிற்க வேண்டிய தேவை வந்திருக்காது.

அதே 2005இல் வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வாடகை வீட்டையும் பகிர்ந்து வாழும் இல்லமாகவே ஏற்கிறது; வாடகையைக் கணவன் கட்ட வேண்டும் என்று நீதித்துறை நடுவர் ஆணையிடவும் வழிவகுக்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் அது கணவனைக் கட்டுப்படுத்துவதற்கு வந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்து வீட்டைத் திரும்பக் கேட்கும் உரிமையாளரிடம் அதைக் காட்டிப் பெரிதாக எதையும் சாதிக்க முடியாது.

அட்வான்ஸ் பணத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையை அளவாகச் சொன்னாலும், அதற்கு மேல் கேட்கும் பழக்கம் சென்னையில் இன்னும் ஓயவில்லை. அந்தத் தொகைக்காக அடகுக் கடைக்குப் போவது பல வீடுகளில் மனைவியின் நகை. காலி செய்யும்போது பணம் திரும்புவதோ கையெழுத்துப் போட்டவரிடம். தன் நகையால் வந்த பணத்தைக் கேட்க அவளிடம் ஒரு வரி ஆதாரமும் இருக்காது. இது எனக்குப் பெரிய அநியாயமாகவே படுகிறது.

குடியிருப்பவர் இறந்துபோகும் நிலைமைக்குச் சட்டம் ஓரளவு வழி செய்திருக்கிறது. 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைச் சட்டம் உடன் வாழ்ந்த துணையையும் பிள்ளைகளையும் வாடகைதாரராகவே கருதியது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த அந்த 2017ஆம் ஆண்டுச் சட்டம் மீதமுள்ள ஒப்பந்தக் காலத்துக்கு உரிமையை வாரிசுகளுக்குத் தருகிறது. எனவே சாவை நினைத்து எல்லோர் பெயரையும் சேர்க்க வேண்டியதில்லை.

அப்படியானால் வீட்டில் உள்ள பெரியவர்கள் அனைவரும் கையெழுத்துப் போட்டுவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் எச்சரிக்கை தேவை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 43ஆம் பிரிவில், சேர்ந்து வாக்குக் கொடுத்தவர்களில் எவரிடம் வேண்டுமானாலும் முழுக் கடனையும் கேட்கலாம் என்கிறது. வேறுவிதமாக எழுதிக்கொண்டால் மட்டும் விலக்கு. கல்லூரியில் படிக்கும் இருபது வயதுப் பெண், அப்பா கட்டத் தவறிய ஆறு மாத வாடகைக்கு அன்றைக்கே கடனாளி. திருமணமாகி வேறு ஊருக்குப் போன மகனும், ஒப்பந்தத்திலிருந்து பெயரை எடுக்காதவரை, பழைய வீட்டின் உடைந்த ஜன்னலுக்குப் பொறுப்பாளி. ஓய்வூதியம்கூட இல்லாத பாட்டியின் கைநாட்டு எந்த உரிமையாளருக்கு என்ன பாதுகாப்பைத் தரப்போகிறது?

பெயர்ப் பட்டியலுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. எழுதியவுடன் அது வேலியாகிவிடுகிறது. தலைப்பிரசவத்துக்கு மகள் வருகிறாள், கணவரை இழந்த தாய் ஊரை விட்டு வந்து தங்குகிறார், வேலை தேடும் தம்பி வந்து சேர்கிறான். பட்டியலில் இல்லாதவர் என்று சொல்லி, தண்ணீருக்கும் மோட்டாருக்கும் தலைக்கு இவ்வளவு என்று கேட்பார்கள்; உள்வாடகைக்கு விட்டதாகக்கூடக் குற்றம் சாட்டுவார்கள். வீட்டையோ அதில் ஒரு பகுதியையோ பணத்துக்காகப் பிறர் வசம் முழுமையாக ஒப்படைத்தால்தான் உள்வாடகை. உறவினர் வந்து தங்குவது ஆகாது. இதை அறியாத குடும்பங்கள் பயந்துபோய்க் கூடுதலாகக் கட்டிவிடுகின்றன. தவிர, நம் ஊரில் பெயர் பெயராக மட்டும் இருப்பதில்லை. மதம் கடந்து மணந்த இணையரிடம் இருவர் ஆதாரையும் கேட்டுவிட்டு, வீடு வேறொருவருக்குப் பேசி முடிந்துவிட்டது என்று சொல்லும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள்.

உரிமையாளரின் அச்சத்தையும் தள்ளிவிட முடியாது. 2012இல் வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில் ஐந்து பேர் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, குடியிருப்போர் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்று சென்னைக் காவல்துறை உத்தரவிட்டது. தன் வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை உண்டு. ஆனால் தெரிந்துகொள்வது வேறு, ஒவ்வொருவரையும் கடனுக்குப் பிணைப்பது வேறு. இந்த இரண்டையும் ஒரே கையெழுத்தில் முடித்துவிட நினைப்பதுதான் இன்றைய வழக்கத்தின் கோளாறு.

என் கருத்தில் ஒப்பந்தத்தில் இரண்டு இடங்கள் வேண்டும். வாடகைதாரர் என்ற இடத்தில் கணவனும் மனைவியும் சேர்ந்தே வரட்டும். வருமானம் இல்லாத மனைவியும் பொறுப்பில் பங்கேற்க வேண்டிவரும். அந்தச் சுமையை நான் மறைக்கவில்லை. வாடகைப் பாக்கி கணவனுடையது என்று இருவரும் தங்களுக்குள் தனியே எழுதி வைத்துக்கொள்ளலாம். வீதியில் நிற்பதோடு ஒப்பிட்டால் அது தாங்கக்கூடிய சுமை. சம்பாதித்து வாடகையில் பங்கு தரும் மகனோ மகளோ விரும்பினால் அங்கே சேரலாம். பழைய வரிமுறையில் வீட்டு வாடகைப் படிக்குக் கழிவு கேட்கவும் அது உதவும். படிக்கும் பிள்ளைகளும் முதியவர்களும் ‘உடன் வசிப்போர்’ என்ற தனி வரியில், கையெழுத்து இல்லாமல், பொறுப்பும் இல்லாமல் வரட்டும். நெருங்கிய உறவினர் வந்து தங்குவதற்குத் தனி அனுமதி தேவையில்லை என்றும், அட்வான்ஸ் இருவர் கையொப்பமும் பெற்றே திருப்பித் தரப்படும் என்றும் சேர்த்து எழுத வேண்டும். டைப்பிங் கடையின் கணினியில் கிடக்கும் பழைய படிவத்தில் இவை எதுவும் இருக்காது. அச்சடிப்பதற்கு முன் கேட்டால், ஐந்து நிமிடத்தில் சேர்த்துத் தந்துவிடுவார்கள்.