பெயர் போட்டவர்களும் போடாதவர்களும்

பாலியல் தொழிலாளி நளினி ஜமீலாவின் தன்வரலாறு குளச்சல் மு. யூசுப்பின் மொழிபெயர்ப்பில் தமிழுக்கு வந்து வெகுகாலம் ஆகிறது. அதைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஜெர்மனியும் கூடவே வந்துவிடுகிறது. அங்கே 2002இல் சட்டம் இத்தொழிலை ஏற்றுக்கொண்டது, அதனால்தான் தொழிலாளிகள் வாய் திறந்தார்கள், புத்தகம் போட்டார்கள் என்கிறார்கள். நான் மதிக்கும் நண்பர்களும் இதையே நம்புகிறார்கள். நான் மறுக்கிறேன். ஜெர்மனியில் முன்னால் நடந்தது பேச்சு. சட்டம் அதன் பின்னால் மெதுவாக வந்து சேர்ந்தது. சட்டம் வந்த பிறகும் வாய் திறக்காதவர்கள் யார் என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

ஜெர்மன் மொழியில் இவ்வகை நூல்களின் தொடக்க காலத்தை விரைந்து கடந்துவிடலாம். அங்கே ‘நான்’ என்று பேசுபவள் ஒருத்தி, எழுதும் கை வேறொருவருடையது. 1905இல் மார்கரெட்டே பியோமே ‘வழிதவறியவளின் நாட்குறிப்பு’ நூலை வெளியிட்டபோது, தாம் வெறும் பதிப்பாசிரியர் என்றே சொல்லிக்கொண்டார். பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்ற அந்த நூலை 1929இல் இயக்குநர் பாப்ஸ்ட் படமாக்கினார். 1906இல் வியன்னாவில் ஆசிரியர் பெயரின்றி வந்த ‘யோசஃபினே முட்சன்பாகர்’ ஆணின் இச்சைக்குப் பெண்குரல் பூசிய கீழான நூல். ‘பாம்பி’ எழுதிய ஃபெலிக்ஸ் சால்டனே அதை எழுதினார் என்பது பரவலான கருத்து. 1978இல் கிறிஸ்டியானே எஃப். சொன்ன பெர்லின் கதையில் குரல் உண்மையானது. ஆனால் அது தொழிலாளியின் கதையன்று, ஹெராயினுக்கும் ஆண்களுக்கும் இரையாக்கப்பட்ட ஒரு சிறுமியின் கதை. அதை எழுத்தில் வடித்தவர்களும் ‘ஸ்டெர்ன்’ இதழின் இரு நிருபர்கள்தாம்.

உண்மையான திருப்பம் 1975க்குப் பிறகு வந்தது. அந்த ஆண்டு ஜூனில் பிரான்சின் லியோன் நகரத்தில் பாலியல் தொழிலாளிகள் ஒரு தேவாலயத்துக்குள் புகுந்து, போலீஸ் தொல்லைக்கு எதிராக அங்கேயே தங்கினார்கள். அந்தச் செய்தி எல்லை தாண்டியது. 1980இல் பெர்லினில் ‘ஹைட்ரா’ அமைப்பு உருவானது. விடுதிப் பெண்களுக்கும் தெருவில் நிற்கும் பெண்களுக்கும் என்று ‘நாக்ட்எக்ஸ்பிரஸ்’ என்ற இதழையும் நடத்தியது. அதே ஆண்டு பீக்கே பியர்மன் ‘நாங்களும் மற்றவர்களைப் போன்ற பெண்கள்தான்’ என்ற நூலைத் தம் பெயரிலேயே வெளியிட்டார். இத்தொழிலைச் செய்தவர் அவர். பின்னாளில் குற்றப் புனைவு எழுதினார். 2020இல் லைப்சிக் புத்தகக் கண்காட்சியின் மொழிபெயர்ப்புப் பரிசையும் பெற்றார். 1985இல் பெர்லினில் தொழிலாளிகளின் தேசிய மாநாடு கூடியது. வசைச்சொல்லையே தங்கள் இயக்கத்தின் பெயராக்கிக்கொண்ட காலம் அது. இவ்வளவும் நடந்தபோது ஜெர்மன் நீதிமன்றங்களின் பார்வையில் இத்தொழில் நல்லொழுக்கத்துக்கு முரணானது. கூலி தராமல் போனவன்மேல் வழக்குப் போட முடியாது. வரியை மட்டும் அரசு தவறாமல் வாங்கிக்கொண்டது.

இந்தக் காலத்தின் பெரிய மனுஷி டொமெனிக்கா நீஹோஃப். இன்று அவரை யாரும் படிப்பதில்லை என்பது எனக்கு வேதனை. 1945இல் கொலோனில் பிறந்து, இளம்பருவத்தை அனாதை விடுதியில் கழித்து, ஹாம்பர்க்கின் பாலியல் விடுதித் தெருவான ஹெர்பர்ட் தெருவுக்கு வந்து சேர்ந்தவர். ஓவியர்களும் கவிஞர்களும் அவரைச் சுற்றி வந்தார்கள். அத்தெருப் பெண்களைப் பற்றி 1986இல் வெளிவந்த ஓவியர் டோமி உங்கரரின் ‘நரகத்தின் காவல் தேவதைகள்’ நூல் அந்த நாட்களின் விளைவு. மற்றவர்களுக்குப் பாடுபொருளாக இருந்து ஓய்ந்துபோயிருக்கலாம் அவர். மாறாக, தொலைக்காட்சியில் முகத்தை மறைக்காமல் உட்கார்ந்து தொழிலாளிகளுக்கு உரிமை கேட்டார். 1991 முதல் சில ஆண்டுகள் போதையில் சிக்கிய தெருப் பெண்களுக்கிடையே களப்பணி செய்தார். 1994இல் தன்வரலாறு வெளியிட்டார். அதன் பெயரை ‘ஆன்மா உள்ள உடல்’ என்று தமிழில் சொல்லலாம். அவர் உடலை மட்டுமே படம்பிடித்துப் பிழைத்த பத்திரிகைகளுக்கு அந்தத் தலைப்பே பதில். தொழிலுக்கு உரிமை கேட்டவரும், தொழிலில் சிதைந்தவளைக் கைதூக்கிவிட்டவரும் ஒரே பெண். இரண்டுக்கும் நடுவே முரண் இருப்பதாக அவர் நினைக்கவில்லை. 2009இல் இறந்தார்.

சட்டம் எப்படி வந்தது என்று பாருங்கள். பெர்லினில் மதுக்கூடம் நடத்திய பெலிசிடாஸ் ஷிரோவ், அங்கே பாலியல் தொழில் நடக்கிறது என்று உரிமம் பறிக்கப்பட்டபோது நீதிமன்றம் போனார். 2000 டிசம்பரில் பெர்லின் நிர்வாக நீதிமன்றம் இத்தொழிலை இனி ஒழுக்கக்கேடு என்று தள்ள முடியாது எனத் தீர்ப்பளித்தது. 2002 ஜனவரி முதல் நாள் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. இருபது ஆண்டுப் பேச்சு தட்டித் திறந்த கதவு அது.

பிறகு வந்த நூல்கள் பல, விற்பனையும் அதிகம். பெர்லினில் கணிதம் படித்த இத்தாலிய மாணவி 2008இல் எழுதிய நூல் சக்கைப்போடு போட்டது. ஆசிரியர் பெயராக அட்டையில் இருக்கும் சோனியா ரோசி புனைபெயர். பிரெஞ்சு எழுத்தாளர் எம்மா பெக்கர் பெர்லின் விடுதியில் கழித்த காலத்தை 2019இல் ‘லா மெசோன்’ நாவலாக்கினார். எல்லாம் சுகமே என்று அந்த நாவல் பாடவில்லை, ஆனாலும் தொழிலைச் சுதந்திரமாகக் காணும் தரப்பு அதைத் தன் சாட்சியாக எடுத்துக்கொண்டது. ஹுஷ்கே மாவ் இத்தொழிலையே ஒழிக்க வேண்டும் என்று சினம் பொங்க எழுதினார். அதுவும் புனைபெயரே. இவர்களில் எவரையும் நான் குறைசொல்ல மாட்டேன், பெயரை மறைப்பது அவர்கள் உரிமை. ஆனால் சட்டம் மாறாத நாட்களில் டொமெனிக்கா சொந்தப் பெயரில் எழுதினார், சட்டம் மாறிய பிறகு வந்தவர்களுக்குப் புனைபெயர் தேவைப்பட்டது. சட்டம் பேச்சைத் தந்தது என்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். 2017 ஜூலை முதல் தொழிலாளிகள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். சான்றிதழில் புனைபெயர் போட்டுக்கொள்ளச் சட்டமே இடம் தருகிறது. 2023 முடிவில் பதிவானவர்கள் சுமார் 30,600 பேர். தொழிலில் இருப்பவர்கள் இதைவிடப் பல மடங்கு என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அவமானம் சட்டப் புத்தகத்தில் மட்டும் குடியிருக்கவில்லை என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

அவமானம் வேறெங்கே இருக்கிறது? விலை கொடுத்தவனிடம். ஜெர்மனில் வாடிக்கையாளனுக்குப் பெயர் ‘ஃப்ரையர்’. பெண் கேட்டு வருபவன் என்பது அச்சொல்லின் பழைய பொருள். பெயரில் மரியாதை, ஆளுக்கு மறைவு. ஜெர்மானிய வாசகர் சட்டென்று சொல்லக்கூடிய தன்வரலாற்று நூல்களில், ஒரு ஃப்ரையர் தன் பெயர் போட்டு எழுதியது எது? 1991இல் ‘ஹைட்ரா’ பெண்கள்தாம் வாடிக்கையாளர்களைத் தேடிப்போய்ப் பேட்டி கண்டு ‘ஃப்ரையர்’ என்றே ஒரு நூல் போட்டார்கள். ஆணின் ஒப்புதல் வாக்குமூலத்தைப் பெறுவதற்கான உழைப்பும் பெண்ணுடையது. கனடாவின் செஸ்டர் பிரவுன் மட்டும் 2011இல் தாம் காசு கொடுத்துப் போன கதையைச் சொந்தப் பெயரில் சித்திர நூலாக்கினார். பெண்கள் முகத்தை வரையாமல் விட்டார். அவர் அரசியலோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் யார் வெளிச்சத்தில் நிற்க வேண்டும், யாரைக் காக்க வேண்டும் என்பதை அந்த நூல் சரியாகவே பிடித்திருக்கிறது.

ஹெர்பர்ட் தெருவின் இரு முனைகளிலும் இன்றும் மறைப்புத் தடுப்புகள் நிற்கின்றன. 1933இல், நாஜி ஆட்சியில் நிறுத்தியவை. உள்ளே பெண்கள் கண்ணாடிச் சன்னலில், விளக்கொளியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே ஒளிய வேண்டியவர்கள் அவர்களல்லர். ஊர்க்கண்ணிலிருந்து ஒளிவது உள்ளே நுழைகிற ஆண். ஜெர்மன் நூல்வரிசையும் அந்தத் தெருவைப் போலத்தான் இருக்கிறது.

நமக்கும் இதில் பங்குண்டு. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல், தாம் உள்ளிருந்து அறிந்த தேவதாசி வாழ்வை, மைனர்களையும் சேர்த்தே, நாவலாக எழுதிக் கூண்டிலேற்றினார். ஜி. நாகராஜன் 1963இல் ‘குறத்தி முடுக்கு’ எழுதியபோது, தங்கம் என்ற பாலியல் தொழிலாளியைத் தேடிப் போகிறவனையே கதைசொல்லியாக்கினார். பெர்லின் செய்யாததை மதுரை எழுத்தாளர் ஒருவர் புனைவில் செய்து காட்டினார். அடுத்து வர வேண்டிய நூல் இன்னொரு பெண்ணின் துயரக்கதையோ சுதந்திரக்கதையோ அல்ல. அவள் வீட்டுப் படியேறியவன், எவ்வளவு கொடுத்தான், எதைக் கேட்டான், இறங்கும்போது என்ன நினைத்தான் என்று எழுதி, கடைசியில் தன் பெயரையும் போட வேண்டும். டொமெனிக்கா தம் கதைக்குத் தம் பெயரைப் போட்டு முப்பது ஆண்டுக்கு மேலாகிறது.