புதுப் பண்டமும் பழஞ்சொல்லும்

மொழி வளர்ச்சி பற்றிப் பேசுமிடத்து நம்மவர் பெரும்பாலும் விண்வெளியையும் கணினியையும் குறித்தே கவலை கொள்கின்றனர். அத்துறைகளுக்குக் கலைச்சொற்கள் வேண்டியவையே. ஆயினும் ஒரு மொழியின் ஆற்றலை அளந்தறிய அத்துணைத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் குடியிருப்பை அடுத்துள்ள மளிகைக் கடையின் உறைபெட்டியைத் திறந்து பார்த்தாலே போதும்.

அப்பெட்டியில் இன்று பல ஆசிய நாட்டுப் பண்டங்கள் அடுக்கப்பட்டுள்ளன. குச்சி செருகிய செவ்வகத் துண்டாகிய பொத்தோங் நமக்குப் பழக்கமானது. அம்மலாய்ச் சொல்லுக்கு வெட்டுதல் என்பது பொருள். அதனருகே அரிசிமாவுத் தோலுக்குள் ஐஸ்கிரீமைப் பொதிந்த மோச்சி உள்ளது. சப்பானின் லோட்டே நிறுவனம் அவ்வகைப் பண்டத்தை 1981ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொணர்ந்தது. 1992இல் கொரியாவில் தோன்றிய மெலோனா, பிலிப்பைன்சின் ஊதா நிற உபே ஐஸ்கிரீம், வட இந்தியாவின் குல்பி ஆகியனவும் உள்ளன. நம் மாணவர் இவற்றை விரும்பி உண்கின்றனர். ஆனால், ‘நான் விரும்பும் தின்பண்டம்’ என்று கட்டுரை எழுதப் பணித்தால் அவர்தம் எழுத்தில் இருவகைக் குறைகள் காணப்படுகின்றன.

முதலாவது, எல்லாவற்றையும் ‘பனிக்கூழ்’ என்னும் ஒரே சொல்லுள் அடக்குதல். ஐஸ்கிரீம் என்பது பாலேட்டைக் கடைந்து காற்றேற்றி உறைய வைப்பது, ஆதலின் மென்மையாயிருக்கும். குல்பியோ, பாலைச் சுண்டக் காய்ச்சிக் கடையாமலே உறைய வைப்பது. ஆதலின் இறுகிக் கனத்திருக்கும். ஐஸ் கச்சாங் சீவிய பனிக்கட்டியின்மேல் பாகு வார்த்துப் பயறு சேர்த்து உண்பது; அது கூழன்று. செய்முறையாலும் சுவையாலும் வேறுபட்ட மூன்றனை ஒரு சொல்லால் குறித்தால், எழுதுவோன் எதனை உண்டான் என்று படிப்போன் எங்ஙனம் அறிவான்?

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. உறையில் அச்சிட்ட ஆங்கிலப் பெயரை அகராதி கொண்டு பெயர்த்து எழுதுதல் அது. ‘யாம்’ என்று கண்டவுடன் மாணவன் சேனைக்கிழங்கு என்றோ வள்ளிக்கிழங்கு என்றோ எழுதிவிடுகிறான். மலேசிய, சிங்கை ஆங்கில வழக்கில் யாம் என்பது பெரும்பாலும் மலாயில் கெலாடி எனப்படுவதே. அது நம் சேப்பங்கிழங்கு. உபே அதனின் வேறானது. அதுவே மெய்யான வள்ளியினம். யாழ்ப்பாணத்தார் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்துச் சமைக்கும் இராசவள்ளிக்கிழங்கும் அதுவே. ஊதா நிறத்தால் ஒன்றுபோல் தோன்றும் இருவகை ஐஸ்கிரீம்களைப் பிரித்துக் காட்டத் தமிழில் இரு பழஞ்சொற்கள் ஆயத்தமாக உள்ளன. அவற்றை விடுத்து நாம் தடுமாறுகிறோம்.

‘ரெட் பீன்’ என்பதைச் ‘சிவப்பு அவரை’ என்று பெயர்ப்பதும் இத்தகையதே. அச்சிறு செம்மணி அவரையுமன்று, ராஜ்மாவுமன்று. பாசிப்பயறு, உளுந்து, தட்டைப்பயறு ஆகியவற்றோடு ஒரே பேரினத்தைச் சார்ந்தது; ஆதலின் செம்பயறு என்பதே பொருந்தும். செண்டோலில் வார்க்கும் மலாக்காச் சீனியைப் ‘பாம் சுகர்’ என்னும் ஆங்கிலப் பெயர் கொண்டு பனைவெல்லம் என்று எழுதுவாரும் உளர். அது பெரும்பாலும் தென்னம்பாளையின் பதநீரைக் காய்ச்சிச் செய்வது, தென்னைவெல்லம் என்க. கறுப்புப் பூலுட் அரிசியிட்ட பொத்தோங்கைக் கண்டு வியக்கும் மாணவனுக்கு, செட்டிநாட்டு இல்லங்களில் இனிப்புச் செய்யும் கவுணியரிசியும் அத்தகைய ஒட்டும் கறுப்பரிசியே என்று சொல்லுவார் வேண்டும்.

இப்பிழைகள் மாணவரின் தமிழறிவுக் குறைவால் மட்டும் நேர்வன அல்ல. பொருளைப் பாராது பெயரை மட்டும் பார்ப்பதே காரணம். கிழங்கைக் கையிலெடுத்து வீட்டுப் பெரியவரிடம், “இதற்குப் பெயர் என்ன?” என்று வினவியிருந்தால் சொல் கிடைத்திருக்கும். ஆங்கிலத்தின் வழியே வந்தமையால் அடுப்பங்கரையிலிருந்த சொல்லே அந்நியமாயிற்று.

அங்ஙனமாயின் மோச்சி, பொத்தோங், செண்டோல் என்பவற்றையும் தமிழாக்க வேண்டுமோ எனத் தனித்தமிழ் அன்பர் வினவலாம். வேண்டுவதில்லை என்பதே என் துணிபு. சொல்லை நால்வகையாகப் பகுத்த நம் இலக்கணம் திசைச்சொல்லுக்கும் இடமளித்தது. தமிழ் ஒழிந்த பதினேழு நிலங்களிலிருந்தும் சொற்கள் வந்து வழங்கும் என்பது நன்னூலார் கொள்கை. அந்நிலங்களைக் குறித்து உரைகளில் காட்டப்பெறும் பட்டியலில் சீனமும் சாவகமும் கடாரமும் இடம்பெற்றுள்ளன. கடாரம் இன்றைய கெடா அன்றோ? இம்மண்ணின் சொற்களுக்குப் பவணந்தியார் மரபே வாயில் திறந்திருக்க, நாம் அடைப்பது முறையாகாது. பண்டத்தின் பெயர் அதன் ஊர்ப் பெயராகவே நிற்கட்டும். அதனுள் அடங்கிய கிழங்கும் பயறும் அரிசியும் வெல்லமும் தமிழ்ப் பெயர் பெறட்டும்.

கட்டுரை திருத்தும் ஆசிரியர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று. ‘செண்டோல்’ என்று எழுதிய மாணவனின் தாளில் சிவப்பு மையால் கோடிட்டு மதிப்பெண் குறைத்தால் அடுத்தமுறை அவன் மாம்பழத்தைப் பற்றியே எழுதுவான். பிழை நேராது, உயிரும் இராது. தான் அன்றாடம் சுவைப்பதைத் தமிழில் சொல்லவியலாது என்று பத்து வயதில் முடிவு செய்தவன், இருபது வயதில் தமிழில் எதனைச் சொல்ல முன்வருவான்?

ஆகவே ஆசிரியத் தோழர்க்கு ஒரு வேண்டுகோள். கழுவி உலர்த்திய ஐஸ்கிரீம் உறை ஒன்றை வகுப்புக்குக் கொணர்க. அதிலுள்ள மலாய்ப் பெயரையும் ஆங்கிலப் பெயரையும் பலகையில் எழுதி, பொருள் இன்னதென்று அறிந்தபின் தமிழ்ப் பெயரைத் தேடச் செய்க. பிறகு, “மோச்சியின் தோல் கொழுக்கட்டையினின்று எங்ஙனம் வேறுபடுகிறது?” என்று வினவுக. ஒட்டும் அரிசியின் இழுவையை விளக்க மாணவர் சொல் தேடுவர். அத்தேடலுக்கு ஒரு பாடவேளையை ஒதுக்குவது வீணாகாது.