பொருள்களின் இணையமும் மூவடுக்கு முறையும்

‘பொருள்களின் இணையம்’ என்னும் தொடர் இன்று பள்ளிப் பாடம்வரை வந்துவிட்டது. 1999இல் கெவின் ஆஷ்டன் என்பார் ஆங்கிலத்தில் வழங்கிய பெயரின் தமிழாக்கம் இது. பொருள்களா, பொருட்களா என்று நாம் வாதிட்டுக்கொண்டிருக்க, அதனினும் பெரிய குறையொன்று கவனிப்பாரின்றிக் கிடக்கின்றது. அதுவே, இவ்வமைப்பை மூன்று அடுக்குகளாகப் பகுத்துக் கற்பிக்கும் முறை. பாயான் லெப்பாசில் 1972இல் தொழில் வலயம் தோன்றிய காலந்தொட்டு மின்னணுத் தொழிலோடு வாழும் பினாங்குத் தமிழருக்கு இஃது அயலார் செய்தியன்று.

முதற்கண் அடுக்கு என்பது யாது? ஓரடுக்கு தன் மேலடுக்கிற்கு ஒரு பணியைச் செய்து தரும். அப்பணி எவ்வாறு நடந்ததென்று மேலடுக்கு கேளாது. 1870-71இல் சென்னையையும் பினாங்கையும் சிங்கப்பூரையும் இணைத்துக் கடலடித் தந்திக் கம்பி இடப்பட்டது. அக்கம்பி அறிந்தது மின்துடிப்பு ஒன்றே. துடிப்பு எழுத்தாவது அதன் மேலடுக்கு. எழுத்துகள் கூடி மிளகு விலையாவதும் சாவுச் செய்தியாவதும் அதற்கும் மேலடுக்கு. கம்பியை மாற்றினும் மொழியை மாற்ற வேண்டுவதில்லை. இதுவே அடுக்கு முறையின் பயன்.

தமிழாசிரியர்க்கு இது புதுமையன்று. எழுத்து, சொல், பொருள் என வகுத்தார் தொல்காப்பியர். ஆயினும் அவ்வடுக்குகள் ஒன்றையொன்று அறியாதன அல்ல. ‘பொன்’ என்பது குடத்தோடு வேற்றுமைப் பொருளில் புணர்ந்தால் ‘பொற்குடம்’ ஆகும்; அல்வழியில் ‘பொன் கடிது’ என இயல்பாய் நிற்கும். சொற்களின் பொருளுறவே எழுத்தின் மாற்றத்தை ஆள்கின்றது. பகுப்பு கற்பதற்கு எளிமை தரும். பகுத்தவற்றிடையே கசிவே இல்லையென்று கொண்டால் இலக்கணமே பிழைபடும்.

இனி மூவடுக்கு முறையை நோக்குவோம். புலனுணர்வு அடுக்கு, வலையமைப்பு அடுக்கு, பயன்பாட்டு அடுக்கு என்பர். வெப்பத்தையும் ஈரத்தையும் கருவி உணரும், வலை கடத்தும், பயன்பாடு முடிவு செய்யும். கேட்க இனிது. ஆயின் இதன்கண் மூன்று குறைகள் உள.

முதற்குறை பெயரிலேயே உளது. இக்கருவிகள் உணர்வதோடு அமைவதில்லை. நீர்க்குழாயை அடைக்கின்றன, விளக்கை ஏற்றுகின்றன, கதவைத் திறக்கின்றன. உணர்தல் ஒன்றையே பெயராக்கினால் செயலுக்குப் பொறுப்பேற்கும் அடுக்கு இல்லாமற்போகும். ‘பொறியடுக்கு’ என்பது நன்று. ஐம்பொறியும் பொறி, எந்திரமும் பொறி. உணர்வையும் வினையையும் ஒருசேரத் தாங்கும் சொல் நம்மிடமே இருக்கப் பிறமொழிப் பெயரின் குறையையும் சேர்த்து மொழிபெயர்ப்பானேன்?

இரண்டாவது, இடையிலுள்ள இணக்க வேலையை இம்முறை மறைக்கின்றது. பழைய இணைய முகவரிகள் ஏறத்தாழ 429 கோடியே. அவற்றின் கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரியில் வட்டார அமைப்புகளுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. கோடிக்கணக்கான பொருள்களுக்கு முகவரி வேண்டுமாயின் ஐ.பி. ஆறாம் பதிப்பே வழி. நம் தீவிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் 2005இல் இதற்கெனவே தேசிய ஆய்வு மையம் நிறுவப்பட்டதும், பேராசிரியர் சுரேஸ்வரன் இராமதாஸ் அதன் இயக்குநராக விளங்கியதும் நாம் பெருமையோடு நினைக்கத்தக்கன. ஆனால், ஆறாம் பதிப்பு குறைந்தது 1280 பைட் கொள்ளும் பாதையை வேண்டும். சிறு மின்கலத்தில் ஓடும் கருவிகளின் 802.15.4 வானொலி முறையோ ஒருமுறைக்கு 127 பைட்டுக்கு மேல் ஏற்காது. ஆறாம் பதிப்பின் தலைப்பு மட்டுமே 40 பைட். எனவே தலைப்பைச் சுருக்கிச் செய்தியைத் துண்டாக்கும் இணக்க அடுக்கொன்றை 2007இல் வகுத்தனர். ‘வலையமைப்பு’ என்ற ஒரு சொல்லில் இவ்வளவும் புதைந்துவிடுகின்றது.

மூன்றாங்குறையே கொடிது. காவலுக்கு இம்முறையில் இடமில்லை. 2016 அக்டோபரில் ‘மிராய்’ என்னும் தீநிரல் இணையக் கண்காணிப்புக் கருவிகளைப் பெருந்தொகையாகக் கைப்பற்றி, முகவரி காட்டும் ‘டைன்’ நிறுவனத்தைத் தாக்கிற்று. அமெரிக்காவில் பெயர்பெற்ற தளங்கள் பல மணிக்கணக்கில் முடங்கின. காரணம் யாது? ஆலையிலிட்ட கடவுச்சொல்லை எவரும் மாற்றவில்லை. பிழை கீழடுக்கில், துன்பம் மேலடுக்கில். கருவி செய்தவர் வலையைக் காட்டுவார். வலையினர் பயன்படுத்துவோரைக் காட்டுவார். அடுக்குகளுக்கிடையே பொறுப்பு நழுவி விழுகின்றது.

அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2012இல் வெளியிட்ட மாதிரி இவ்வகையில் மேலானது. கருவி, வலை, பணித்துணை, பயன்பாடு என நான்கு அடுக்குகளைக் கிடையாக வைத்து, மேலாண்மையையும் காவலையும் அனைத்தையும் ஊடுருவி நிற்கும் தூண்களாக அமைத்தது. காவல் ஓரடுக்கின் கடமையன்று, எல்லா அடுக்கிற்கும் உரியது என்னும் உண்மை இதனால் விளங்கும்.

மூவடுக்கு முறையை ஒழிக்க வேண்டுமென்பது எம் கருத்தன்று. முதல் வகுப்பிற்கு அதுவே ஏற்றது. ஆயின் நன்னூல் எழுத்தையும் சொல்லையும் கூறியதனால் பொருளிலக்கணம் இல்லையென்று எவரும் மயங்குவதில்லை. அதுபோல, மூன்றைக் கற்பிக்கும் ஆசிரியர், அம்மூன்றில் அடங்காதன எவையென்பதையும் அன்றே சொல்லிவிடல் வேண்டும். நாளை நம் வீட்டுக் கதவைக் காக்கும் கருவியை அமைக்கப்போகிறவர் அவ்வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவரே.