நான்கு ஸ்ட்ரோக் கார்ட் பந்தயப் பிரிவின் மீட்பு: ஒரு மதிப்பீடு

கார்ட் பந்தயம் என்பது கூரையும் கதவும் அதிர்வுதாங்கிகளும் இல்லாத சிறிய நான்கு சக்கர வண்டிகளைக் கொண்டு நடத்தப்படும் மோட்டார் விளையாட்டு ஆகும். 1956ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஆர்ட் இங்கெல்ஸ் என்பவர் முதல் கார்ட்டை உருவாக்கினார். புல்வெட்டும் இயந்திரத்துக்காகச் செய்யப்பட்ட சிறிய எஞ்சின் ஒன்றே அதில் பொருத்தப்பட்டிருந்தது. சாமானியர் வீட்டுக் கொட்டகையில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு பந்தயம் ஓட்டலாம் என்பதுதான் இந்த விளையாட்டின் தொடக்கக் கருத்து. அந்தக் கருத்தை நெடுங்காலம் காத்து வந்தவை நான்கு ஸ்ட்ரோக் பிரிவுகளே. அவை ஏன் அடிக்கடி நலிவடைகின்றன, அவற்றை மீட்கச் செய்யப்பட்ட முயற்சிகளில் எவை பயன் தந்தன என்பதை வட அமெரிக்க அனுபவத்தை முதன்மையாகக் கொண்டு இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

நான்கு ஸ்ட்ரோக்கின் தனித்தன்மை

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் உறிஞ்சல், அமுக்கம், ஆற்றல், வெளியேற்றம் ஆகிய நான்கு வீச்சுகள் முடிவதற்கு வளைவுத்தண்டு இரண்டு முறை சுழல வேண்டும். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினிலோ ஒவ்வொரு சுழற்சியிலும் எரிப்பு நிகழ்கிறது. ஆகவே ஒரே கொள்ளளவில் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் கூடுதல் ஆற்றல் தரும். 125 சிசி ரோட்டாக்ஸ் மேக்ஸ் எஞ்சின் 30 குதிரைத்திறனை நெருங்குகிறது. அதைவிடப் பெரிய கொள்ளளவு கொண்ட பிரிக்ஸ் 206 எஞ்சின் தருவது 9 குதிரைத்திறனுக்கும் சற்றுக் குறைவே.

ஆனால் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் குறைந்த சுழற்சி வேகத்தில் இயங்குவதால் நீண்டநாள் உழைக்கும். பெட்ரோலில் எண்ணெய் கலக்க வேண்டியதில்லை. அடிக்கடி பிரித்துப் புதுப்பிக்கவும் வேண்டாம். மாதச் சம்பளக் குடும்பத்துப் பிள்ளை ஒன்று பந்தயத் தடத்தில் கால்வைக்க இதைவிட எளிய வழி இல்லை. இந்தப் பிரிவு ஓர் ஊரில் மறைந்துபோனால், அங்கே மோட்டார் பந்தயம் வசதி படைத்தோருக்கு மட்டுமே உரியதாகிவிடுகிறது.

நலிவு எங்கிருந்து வருகிறது

பிரிவு நலிவடையும்போது 'வண்டிகள் மெதுவாக ஓடுகின்றன, அதனால் ஆர்வம் குறைகிறது' என்ற விளக்கமே முதலில் சொல்லப்படும். வரலாறு வேறு விதமாகக் காட்டுகிறது.

அமெரிக்க நான்கு ஸ்ட்ரோக் பந்தயத்தின் முதுகெலும்பாகப் பல ஆண்டுகள் இருந்தது பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் நிறுவனத்தின் 5 குதிரைத்திறன் பக்கவால்வு எஞ்சின். 1908இல் மில்வாக்கி நகரில் தொடங்கப்பட்ட இந்நிறுவனம் தோட்டக் கருவிகளுக்கான எஞ்சின்களுக்குப் பெயர்பெற்றது. காலப்போக்கில் பந்தயத்துக்கென அந்த எஞ்சினைச் சீர்செய்யும் கைவினைஞர்கள் உருவானார்கள். விதிநூல் அனுமதிக்கும் ஒவ்வோர் அளவையும் அதன் கடைசி எல்லைவரை கொண்டுசெல்வது அவர்களது தொழில். கடையில் வாங்கிய எஞ்சினுக்கும் அவர்கள் கைபட்ட எஞ்சினுக்கும் விலையில் பெரும் இடைவெளி ஏற்பட்டது. தடத்திலும் அதே இடைவெளி தெரிந்தது.

அடுத்து வந்தவை ஹோண்டா ஜிஎக்ஸ் 200 எஞ்சினைப் பின்பற்றிச் சீனாவில் தயாரான 196 சிசி எஞ்சின்கள். 'குளோன்' என்றே அவை அழைக்கப்பட்டன. மிகக் குறைந்த விலையால் 2000களின் பிற்பகுதியில் இவை பல தடங்களுக்குக் கூட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தன. ஆனால் மலிவான எஞ்சினும் அதே வழியில் சென்றது. தோட்ட எஞ்சினில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் கழற்றப்பட்டது. சுழற்சி வேகம் ஏறியதும் வார்ப்பு இணைப்புத் தண்டும் ஃப்ளைவீலும் உடையும் ஆபத்து வந்தது. பாதுகாப்புக்காக வலிமையான உதிரிபாகங்கள் தேவைப்பட்டன. வலிமையான பாகம் வந்தபின் இன்னும் வேகமாகச் சுழற்றலாம் என்ற எண்ணம் பிறந்தது. ஒவ்வொரு படியும் தனியாகப் பார்த்தால் நியாயமானதே. எல்லாப் படிகளும் சேர்ந்தபோது மலிவு என்ற தொடக்கப் பயன் கரைந்துபோனது.

ஆற்றல் குறைந்த பிரிவில் இந்தச் சிக்கல் கூடுதலாக உறைப்பதற்குக் கணக்கு சார்ந்த காரணம் உண்டு. 30 குதிரைத்திறன் எஞ்சினில் அரை குதிரைத்திறன் கூடினால் அது 2 விழுக்காட்டுக்கும் குறைவு. 8.8 குதிரைத்திறன் எஞ்சினில் அதே அரை குதிரைத்திறன் ஏறத்தாழ 6 விழுக்காடு. சிறிய எஞ்சினில்தான் பணத்தின் கை ஓங்கித் தெரியும். எனவே 'எளிய பிரிவு, விதிகளும் தளர்வாக இருக்கட்டும்' என்ற வாதம் தலைகீழானது. எளிய பிரிவுக்குத்தான் இறுக்கமான விதிகள் தேவை.

வேகத்தைக் கூட்டும் மருந்து

நலிந்த பிரிவுக்கு வலிமையான எஞ்சினைக் கொடுப்பது ஒரு வகை மீட்பு முயற்சி. சைடுகார் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் ஏழு முறை உலக வாகையர் பட்டம் வென்ற சுவிட்சர்லாந்து வீரர் ரோல்ஃப் பிலாண்டின் பெயரில் 250 சிசி நான்கு ஸ்ட்ரோக் கார்ட் எஞ்சின் ஒன்று வந்தது. பிரிக்ஸ் நிறுவனமும் 2000களின் தொடக்கத்தில் 'வேர்ல்ட் ஃபார்முலா' என்ற எஞ்சினைக் கொண்டுவந்தது. மின்விசையால் கிளப்பலாம் என்பதும், தன் வகை எஞ்சின்களைவிடக் கூடுதல் ஆற்றல் தரும் என்பதும் அதன் சிறப்புகள்.

பொறியியல் நோக்கில் இவை குறைத்து மதிப்பிடத்தக்கவை அல்ல. ஆனால் விலை ஏற ஏற, வாங்குபவர் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினோடு ஒப்பிடத் தொடங்கிவிடுகிறார். அந்த ஒப்பீட்டில் நான்கு ஸ்ட்ரோக் வெல்வது கடினம். வேர்ல்ட் ஃபார்முலாவைவிட ஆற்றல் குறைந்த 206 எஞ்சினே பின்னாளில் வட அமெரிக்கக் கழகங்களில் மிகப் பரவலாக வேரூன்றியது. மலிவும் வேண்டும், இரண்டு ஸ்ட்ரோக்கின் வேகமும் வேண்டும் என்பது கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்ற கதைதான்.

முத்திரையிட்ட எஞ்சின்

206 எஞ்சினின் முழுப்பெயரில் 'லோக்கல் ஆப்ஷன்' என்ற சொற்கள் உண்டு. ஏறத்தாழ 204 சிசி கொள்ளளவு கொண்ட இந்தத் தலைவால்வு எஞ்சின் தொழிற்சாலையிலேயே முத்திரையிடப்பட்டு வருகிறது. முத்திரை உடைந்திருந்தால் போட்டியில் இடமில்லை. பற்றவைப்பு அமைப்பே சுழற்சி வேகத்தை நிமிடத்துக்கு 6,100க்கு மேல் போகாமல் தடுக்கிறது. கார்புரேட்டரும் ஒரே வகைதான். கார்புரேட்டருக்குள் இருக்கும் ஸ்லைடு எவ்வளவு உயரம் எழலாம் என்பதை வயதுக்கேற்ப மட்டுப்படுத்துகிறார்கள். வயதுக்கொரு நிறத்தில் ஸ்லைடுகள் இருப்பதால் சோதனையும் எளிது. குழந்தை வளர வளர ஸ்லைடை மாற்றினால் போதும், எஞ்சினை மாற்ற வேண்டியதில்லை.

இதன் நோக்கம் பள்ளிச் சீருடையின் நோக்கம் போன்றது. சீருடை ஏழ்மையை ஒழிக்காது, ஆனால் வீட்டு வசதியின் வேறுபாட்டை வகுப்பறைக்குள் கொண்டுவராமல் தடுக்கும். கைவினைஞரிடம் பெருந்தொகை கொடுத்து வாங்கும் முன்னிலையை முத்திரை பெருமளவு தடுத்துவிட்டது. தோற்றவர் தம் ஓட்டும் திறனைப் பார்க்கிறார், தம் பணப்பையைப் பார்ப்பதில்லை. அடுத்த வாரமும் அவர் தடத்துக்கு வருவதற்கு இதுவே காரணம்.

முத்திரையின் குறைகள்

முத்திரை எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. ஒரே தொழிற்சாலையில் செய்த இரண்டு எஞ்சின்கள்கூட முற்றிலும் ஒன்றாக இரா. வசதி உள்ளவர் பல எஞ்சின்களை வாங்கி, ஆற்றலை அளந்து, சிறந்ததை வைத்துக்கொள்ள முடியும். இதைத் தடுக்கக் குலுக்கல் முறை உதவும். ரோட்டாக்ஸ் நிறுவனத்தின் உலக இறுதிப்போட்டியில் வண்டிகளும் எஞ்சின்களும் ஓட்டுநர்களுக்குக் குலுக்கல் முறையில் வழங்கப்படுகின்றன. வென்ற எஞ்சினை அறிவிக்கப்பட்ட விலைக்கு எந்தப் போட்டியாளரும் கேட்டு வாங்கலாம் என்ற விதி இன்னொரு வழி. இந்த விதி இருக்கும் இடத்தில் ஓர் எஞ்சின்மீது அளவுக்கு மீறிச் செலவழிக்க எவரும் தயங்குவர்.

இரண்டாவது குறை டயர். எஞ்சினில் மிச்சமான பணம் டயரில் செலவானால் பயன் இல்லை. ஒவ்வொரு போட்டிக்கும் புதிய மென்டயர் வாங்குபவரே முந்துவார் என்ற நிலை வந்தால், பூட்டிய வாசலை விட்டுவிட்டுச் செலவு சன்னல் வழியாக நுழைகிறது. கடினமான ஒரே வகை டயரும், பருவம் ஒன்றுக்கு இத்தனை டயர்தான் என்ற வரம்பும் இல்லாமல் முத்திரையிட்ட எஞ்சின் பாதி மருந்தே.

மூன்றாவது குறை ஒரே தயாரிப்பாளரைச் சார்ந்திருப்பது. 2020ஆம் ஆண்டு ஜூலையில் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியது. கேபிஎஸ் கேப்பிட்டல் பார்ட்னர்ஸ் நிறுவனம் அதை வாங்கியதால் எஞ்சின் தயாரிப்பு தொடர்ந்தது. ஒரு விளையாட்டின் அடித்தளம் முழுவதும் ஒரு வணிக நிறுவனத்தின் கணக்கேட்டைச் சார்ந்திருப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதை அந்நிகழ்வு காட்டியது.

கற்றல் குறைந்துவிட்டதா?

முத்திரைக்கு எதிரான வாதங்களில் மிகவும் மதிக்கத்தக்கது ஒன்று உண்டு. பழைய பக்கவால்வு எஞ்சின் காலத்தில் பிள்ளைகள் எஞ்சினைப் பிரித்து, அளந்து, மீண்டும் பூட்டக் கற்றார்கள். முத்திரை அந்த வாய்ப்பைப் பறித்துவிட்டது என்பர். இழப்பு உண்மைதான். ஆனால் அந்தக் காலத்திலும் வெற்றி எஞ்சின்களைக் கைவினைஞர்களிடம் விலைக்கு வாங்கியவர்கள் பலர். அவர்களின் பிள்ளைகள் கற்றது அதில் எதுவும் இல்லை.

மேலும், எஞ்சின் பூட்டப்பட்டாலும் வண்டி பூட்டப்படவில்லை. கார்ட்டில் டிஃபரென்ஷியல் கிடையாது. பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பொருத்தப்பட்டவை. வளைவில் திரும்ப வேண்டுமானால் உட்புறப் பின்சக்கரம் நொடிப்பொழுதேனும் தரையிலிருந்து எழ வேண்டும். சட்டகத்தின் நெகிழ்வு, சக்கரங்களின் இடைவெளி, இருக்கை பொருத்திய இடம், டயரின் காற்றழுத்தம் ஆகியவை அதைத் தீர்மானிக்கின்றன.

பல்சக்கரத் தேர்வும் நல்ல கணக்குப் பாடம். முன்பல்சக்கரத்தில் 18 பற்களும் பின்பல்சக்கரத்தில் 60 பற்களும் இருந்தால் விகிதம் 3.33. எஞ்சின் 6,100 முறை சுழலும்போது அச்சு 1,830 முறை சுழலும். டயரின் சுற்றளவு 0.88 மீட்டர் என்று கொண்டால் உச்ச வேகம் மணிக்குச் சுமார் 97 கிலோமீட்டர். பின்பற்களை 62 ஆக்கினால் வளைவிலிருந்து வெளியேறும்போது இழுவை கூடும், உச்ச வேகம் சுமார் 3 கிலோமீட்டர் குறையும். நேர்ப்பாதையின் நீளத்துக்கு எது பொருந்தும் என்பதை மாணவர் தாமே கணக்கிட்டுத் தடத்தில் சரிபார்க்கலாம். ஆற்றல் குறைந்த வண்டியில் வளைவில் இழந்த வேகத்தை எஞ்சின் எளிதில் மீட்டுத் தராது. ஆகவே பிரேக்கை அளந்து மிதிக்கவும், வேகத்தைச் சிந்தாமல் கொண்டுசெல்லவும் ஓட்டுநர் கற்றே ஆக வேண்டும்.

கழகங்கள் செய்யும் தவறு

எஞ்சின் விதியைச் சரியாக அமைத்த கழகங்களும் பிரிவுகளைப் பெருக்கித் தடுமாறுகின்றன. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு புதிய பிரிவு திறக்கப்படுகிறது. முப்பது ஓட்டுநர்கள் ஆறு பிரிவுகளாகப் பிரிந்தால் ஒவ்வொன்றிலும் ஐந்து பேர். அது போட்டியாகத் தோன்றாது, அணிவகுப்பாகத் தோன்றும். பார்ப்பவருக்கும் சலிப்பு, கோப்பை வாங்குபவருக்கும் நிறைவு இல்லை. ஊர் கூடினால்தான் தேர் நகரும். முப்பது பேரும் இரண்டு அல்லது மூன்று பிரிவுகளில் திரண்டால் கடைசி இடத்தில் இருப்பவருக்கும் முந்துவதற்கு ஒருவர் கண்முன் இருப்பார்.

'லோக்கல் ஆப்ஷன்' என்ற பெயரைத் தவறாகப் புரிந்துகொள்வது இன்னொரு சிக்கல். அருகருகே உள்ள இரண்டு கழகங்கள் வெவ்வேறு டயரும் வெவ்வேறு எடை வரம்பும் வைத்தால், ஒரு தடத்து ஓட்டுநர் மறு தடத்துக்குப் போக முடியாது. இரண்டும் தனித்தனியே மெலிகின்றன. விதிகளை ஆண்டுதோறும் மாற்றுவதும் இதற்கு ஒப்பானதே. நேற்று வாங்கியதை இன்று பயனற்றதாக்கும் கழகத்தை எந்தக் குடும்பமும் இரண்டாம் முறை நம்பாது.

மதிப்பீடு

முத்திரையிட்ட 206 எஞ்சின் நான்கு ஸ்ட்ரோக் பந்தயத்துக்கு மறுவாழ்வு தந்தது என்பது சரி. அந்த எஞ்சினே எல்லாவற்றையும் செய்துவிட்டது என்பது சரியன்று. முன்னிலையைப் பணத்தால் வாங்க முடியாது என்ற உறுதியை ஓட்டுநர்களுக்குக் கொடுத்ததே அதன் உண்மையான பணி. டயர் வரம்பு, சில பிரிவுகள் மட்டும், அண்டைக் கழகங்களோடு பொதுவிதி, பல ஆண்டுகள் மாறாத விதிநூல் ஆகியவையும் அதே உறுதியின் பகுதிகள். இவற்றை விட்டுவிட்டு எஞ்சினை மட்டும் மாற்றிய இடத்தில், சில ஆண்டுகள் கழித்து அடுத்த எஞ்சினைத் தேட வேண்டிய நிலையே வரும்.

நலிந்த பிரிவை மீட்க நினைக்கும் கழகம் வென்றவரிடம் கருத்துக் கேட்பதைவிட, சென்ற பருவத்தில் வந்து இந்தப் பருவத்தில் வராமல் போனவரிடம் கேட்பது நல்லது. வண்டி மெதுவாக ஓடியதால் விலகினாரா, செலவைத் தாங்க முடியாமல் விலகினாரா என்பதை அவரால்தான் சொல்ல முடியும்.