கோர்ட் டவுனியின் பாடல்களில் ஹாக்கியும் வரலாறும்

கோர்ட் டவுனி (1964–2017) கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தைச் சேர்ந்த பாடலாசிரியர், பாடகர். கிங்ஸ்டன் நகரில் 1984-இல் தொடங்கப்பட்ட 'த டிராஜிக்கலி ஹிப்' என்னும் ராக் இசைக்குழுவில் பாடியவர். பாடல்கள் குழுவினர் ஐவரின் பெயரிலும் வெளிவந்தன என்றாலும், சொற்கள் பெரும்பாலும் அவருடையவை. கனடாவுக்கு வெளியே இந்தக் குழுவை அறிந்தவர் குறைவு. உள்நாட்டில் நிலைமை வேறு. டவுனிக்கு மூளைப் புற்றுநோய் இருப்பது 2016 மே மாதம் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 20 அன்று கிங்ஸ்டனில் குழுவின் கடைசி நிகழ்ச்சி நடந்தது. கனடாவின் பொது ஒலிபரப்பு நிறுவனமான சிபிசி அதை நேரலையாகக் காட்டியபோது ஏறத்தாழ 1 கோடியே 17 லட்சம் பேர் பார்த்தார்கள். நாட்டின் மக்கள்தொகையில் அது மூன்றில் ஒரு பங்கு. பிரதமரும் அரங்கில் அமர்ந்திருந்தார்.

அந்த இரவுக்குப் பிறகு டவுனியை 'தேசியக் கவி' என்று அழைப்பது வழக்கமாகிவிட்டது. இந்தப் பட்டம் அவருக்குப் பொருந்தவில்லை என்பது என் கருத்து. நாட்டின் பெருமையைப் பாடியவர் என்ற எண்ணத்தோடு அவர் பாடல்களைக் கேட்கத் தொடங்கினால் பாதி வழியில் குழப்பம் வரும். நாடு எதை நினைவில் வைத்துக்கொள்கிறது, எதை மறந்துவிடுகிறது என்பதுதான் அவர் கை வைத்த இடம். அதற்கு ஹாக்கி அவருக்கு மிகவும் உதவியது.

நம் மாணவர்களுக்கு ஒரு விளக்கம். ஹாக்கி என்றதும் நமக்குத் தயான் சந்தும் பசும்புல் மைதானமும் நினைவுக்கு வரும். கனடாவில் ஹாக்கி என்றால் பனிக்கட்டித் தளத்தில் சறுக்குக் காலணி அணிந்து, பந்துக்குப் பதில் ரப்பர் வட்டை அடித்து ஆடும் ஆட்டம். ஆறு மாதம் உறைந்து கிடக்கும் ஊர்களில் குழந்தைகள் நடை பழகியதும் பழகுவது அதைத்தான். டவுனிக்கு அந்த உறவு இன்னும் நெருக்கமானது. பாஸ்டன் புரூயின்ஸ் அணியின் பயிற்சியாளராக இருந்த ஹாரி சிண்டன் அவருடைய ஞானத்தந்தை. 1972-இல் சோவியத் அணிக்கு எதிராகக் கனடா ஆடிய தொடருக்கும் சிண்டன்தான் பயிற்சியாளர்.

அட்டையில் கிடைத்த வரலாறு

1992-இல் வந்த 'ஃபுல்லி கம்ப்ளீட்லி' தொகுப்பில் 'ஃபிஃப்டி மிஷன் கேப்' என்றொரு பாடல் உண்டு. அது பில் பாரில்கோ என்ற ஆட்டக்காரரின் கதை. டிம்மின்ஸ் என்ற தங்கச் சுரங்க ஊரில் பிறந்து, டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணியில் தற்காப்பு ஆட்டக்காரராக இருந்தவர். 1951 ஏப்ரல் 21 அன்று மாண்ட்ரியல் கனேடியன்ஸ் அணிக்கு எதிரான ஸ்டான்லி கோப்பை இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டம் சமநிலையில் முடிந்து கூடுதல் நேரத்துக்குச் சென்றது. அந்தத் தொடரில் ஐந்து ஆட்டங்களுமே கூடுதல் நேரம் வரை சென்றவை. பாரில்கோ அடித்த கோல் கோப்பையை டொராண்டோவுக்குத் தந்தது. நான்கு மாதம் கழித்து, ஆகஸ்ட் 26 அன்று, வடக்கே மீன் பிடிக்கப் போய்விட்டுச் சிறிய விமானத்தில் திரும்பிக்கொண்டிருந்தவர் காணாமல் போனார். அப்போது அவருக்கு வயது 24. பெரிய தேடுதல் நடந்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. ரஷ்யாவுக்குப் போய் ஹாக்கி கற்றுக்கொடுக்கிறார் என்றுகூட வதந்தி பரவியது. 1962 ஜூனில் காக்ரேன் நகருக்கு வடக்கே அடர்ந்த காட்டில் விமானத்தின் சிதைவு கண்டுபிடிக்கப்பட்டது. 1951-க்குப் பின் லீஃப்ஸ் அணி அடுத்த கோப்பையை வென்றது அந்த 1962 ஏப்ரலில்தான்.

இவ்வளவுதான் கதை. டவுனி இதற்கு மேல் எதையும் சேர்க்கவில்லை. ஏன் இப்படி நடந்தது, இதற்கு என்ன பொருள் என்று பாட்டு விளக்குவதில்லை. தகவல்களை அடுக்கிவிட்டு, இவை அனைத்தையும் ஒரு ஹாக்கி அட்டையிலிருந்து திருடினேன் என்று பாடகரே ஒப்புக்கொள்கிறார். சிறுவர்கள் சேகரிக்கும், முன்புறம் ஆட்டக்காரரின் படமும் பின்புறம் நாலைந்து வரிக் குறிப்பும் அச்சிட்ட அட்டை அது. நம் பிள்ளைகள் கிரிக்கெட் அட்டை சேர்த்ததைப் போலத்தான்.

பாட்டின் உயிர் அதன் தலைப்பில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் விமானப்படை அதிகாரிகளின் தொப்பிக்குள் அதை விறைப்பாக வைத்திருக்க ஒரு கம்பி வளையம் இருக்கும். தலைக்கருவியை அணிவதற்காக அதை எடுத்துவிடுவார்கள். பல முறை பறந்தவரின் தொப்பி கசங்கித் தொங்கும். ஐம்பது பறப்புகளை முடித்தவரின் அடையாளம் அந்தக் கசங்கல். ஒரு முறைகூடப் போருக்குப் போகாத புதியவன் தன் தொப்பியைக் கையால் கசக்கி அதே தோற்றத்தை வரவழைத்துக்கொள்ள முடியும். பாட்டில் வருபவன் செய்வதும் அதுவே. பாரில்கோவின் அட்டையை அந்தத் தொப்பிக்குள் செருகி வைத்திருக்கிறான்.

இந்த ஒரு படிமத்துக்காகவே டவுனியைப் பெரிய பாடலாசிரியர் என்பேன். தான் வாழாத காலத்தின் வரலாற்றைப் பாடுகிறவன் எவனும் இந்தத் தொப்பியைத்தான் அணிந்திருக்கிறான். டவுனி பிறந்தது பாரில்கோ கண்டெடுக்கப்பட்டு இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு. அந்த கோலை அவர் பார்த்ததில்லை. பார்த்தவனைப் போல உருகாமல், இது இரவல் நினைவு என்று அவர் சொல்லிவிடுவதால் பாட்டை நம்ப முடிகிறது. முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் வரலாறு நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், நாங்களும் கசக்கிய தொப்பியோடுதான் நின்றோம். பல சமயம் அதைப் பிள்ளைகளிடம் சொன்னதில்லை.

ஆனால் அட்டைக்கு ஓர் எல்லை உண்டு. அந்த விமானத்தில் இருவர் இருந்தார்கள். ஓட்டியவர் ஹென்றி ஹட்சன் என்ற பல் மருத்துவர். அவரும் இறந்தார். பாட்டில் அவர் இல்லை. இதில் இன்னொரு வியப்பும் உண்டு. 1611-இல் ஹென்றி ஹட்சன் என்ற ஆங்கிலேய மாலுமியை அவருடைய ஆட்களே ஜேம்ஸ் விரிகுடாவில் ஒரு படகில் இறக்கிவிட்டுப் போனார்கள். அவர் மறுபடி காணப்படவே இல்லை. ஹட்சன் விரிகுடா அவர் பெயரைத் தாங்கியது. அதே பெயர் கொண்டவர் அதே வடக்கிலிருந்து திரும்பும்போது மறைந்திருக்கிறார். வரலாற்றில் இவ்வளவு ஈடுபாடு கொண்ட டவுனியின் பாட்டில் இந்தப் பொருத்தத்துக்கு இடம் கிடைக்கவில்லை. அட்டையின் பின்பக்கத்தில் ஆட்டக்காரருக்கு மட்டுமே இடம் இருந்தது போலும்.

34 விநாடிகள்

1972 செப்டம்பர் 28. மாஸ்கோவில் கனடா–சோவியத் தொடரின் எட்டாவது, கடைசி ஆட்டம். இரு அணிகளும் அதுவரை மூன்று ஆட்டங்கள் வென்றிருந்தன. ஓர் ஆட்டம் சமநிலை. ஆட்டம் முடிய 34 விநாடிகள் இருக்கும்போது பால் ஹெண்டர்சன் கோல் அடித்தார். கனடா 6–5 என்று வென்றது. கனடாவில் அப்போது பகல் நேரம். பல பள்ளிகளில் பாடத்தை நிறுத்தித் தொலைக்காட்சிப் பெட்டியை வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். டவுனிக்கு அப்போது வயது 8.

1998-இல் வந்த 'ஃபயர்வொர்க்ஸ்' பாட்டு அந்த கோலில் தொடங்குகிறது. இந்த நினைவு இரவல் இல்லை, சொந்தம். ஒரு தலைமுறை முழுவதும் நாட்டை விரும்பக் கற்றுக்கொண்ட நொடி அது. அதை வைத்துக் கண்ணீர் வரவழைப்பது எளிது. டவுனியோ உடனே திசை மாறுகிறார். பாட்டில் ஒரு பெண் வருகிறாள். தனக்கு ஹாக்கியைப் பற்றிக் கவலையே இல்லை என்கிறாள். இப்படியும் ஒருவர் சொல்ல முடியுமா என்று அவன் திகைக்கிறான். அங்கிருந்து பாட்டு காதலுக்கும், ஒருவரோடு ஒருவர் சேர்ந்து வாழ்வதன் சிரமத்துக்கும் போய்விடுகிறது. இடையே பள்ளிகளில் நடந்த தேசிய உடற்தகுதித் திட்டம் வருகிறது. சோவியத் நாட்டுப் பிள்ளைகளைப் போலவே கனடாப் பிள்ளைகளும் வரிசையில் நின்று அரசுக்காக ஓடினார்கள் என்ற கிண்டல் அதில் ஒளிந்திருக்கிறது.

காலம் மாறுவதைப் பற்றிய பாடல்களில் இதை நான் முதல் வரிசையில் வைப்பேன். பொதுவாக இத்தகைய பாடல்கள் 'அந்தக் காலம்போல வருமா' என்று ஏங்கும். அப்படி ஏங்கக் காரணங்களும் அப்போது இருந்தன. கியூபெக் நகரின் அணி 1995-இலும் வினிபெக் நகரின் அணி 1996-இலும் அமெரிக்க நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டன. டவுனி ஏங்கவில்லை. ஒரு பெண்ணின் அலட்சியமான ஒரு சொல் ஒரு தேசத்தின் பெருமித நொடியைக் கலைத்துவிடுகிறது, அதனால் அவன் வளர்கிறான்.

குறை சொல்வதானால், 1972 தொடரின் அழுக்கு இந்தப் பாட்டிலும் இல்லை. ஆறாவது ஆட்டத்தில் சோவியத் அணியின் சிறந்த ஆட்டக்காரரான வலேரி கர்லாமோவின் கணுக்காலைக் கனடாவின் பாபி கிளார்க் மட்டையால் வேண்டுமென்றே அடித்தார். கர்லாமோவ் அதற்கடுத்த ஆட்டத்தில் இறங்கவில்லை. அந்த 34 விநாடிகளுக்கு இதையும் கூட்டித்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

'வீட் கிங்ஸ்' (1992) வேறு வகை. சஸ்கட்டூன் நகரில் 1969-இல் நடந்த கொலைக்காக டேவிட் மில்கார்ட் என்ற இளைஞர் தண்டிக்கப்பட்டு ஏறத்தாழ 23 ஆண்டுகள் சிறையில் இருந்தார். 1992-இல் விடுதலையானார், 1997-இல் மரபணுச் சோதனை அவரைக் குற்றமற்றவர் என்று நிறுவியது. பாட்டு மில்கார்டின் பெயரைச் சொல்லவில்லை. லூன் பறவையின் குரலோடு அமைதியாகத் தொடங்கி, கோதுமை வயல்களையும் பழைய பிரதமர்களின் படங்களையும் காட்டிக்கொண்டே போகிறது. தலைப்பு மானிட்டோபா மாநிலத்தின் இளையோர் ஹாக்கி அணி ஒன்றின் பெயரும்கூட. இவ்வளவு அழகான ஊரில் இது எப்படி நடந்தது என்று கேட்காமல், இந்த அழகே உண்மையை மூடியிருக்கக்கூடும் என்று உணரவைக்கிறது. கூட்டங்களில் கைகோத்துக்கொண்டு இதைப் பாடுகிறவர்கள் எதைப் பற்றிப் பாடுகிறோம் என்று அறிவார்களா என்பது எனக்கு ஐயம்.

அட்டை அச்சிடப்படாத சிறுவன்

சேனி வெஞ்சாக், அனிஷினாபே பழங்குடிச் சிறுவன், வயது 12. கெனோரா நகருக்கு அருகே இருந்த சிசிலியா ஜெஃப்ரி உறைவிடப் பள்ளியிலிருந்து 1966 அக்டோபரில் தப்பி ஓடினான். வீடு ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. அவ்வளவு தூரம் என்று அவனுக்குத் தெரியாது. ரயில் பாதையோரம் நடந்தவன் குளிரிலும் பசியிலும் இறந்தான். ஆசிரியர்கள் அவனைச் 'சார்லி' என்று அழைத்தார்கள். 1967-இல் மெக்லீன்ஸ் இதழில் வெளிவந்த கட்டுரையும் அந்தத் தவறான பெயரிலேயே வந்தது. கனடாவின் இந்தப் பள்ளிகளில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பழங்குடிக் குழந்தைகள் குடும்பத்திலிருந்து பிரித்து அடைக்கப்பட்டார்கள்.

டவுனியின் அண்ணன் மைக் இந்தக் கதையை அவரிடம் கொண்டுவந்தார். அதிலிருந்து உருவானது 'சீக்ரெட் பாத்' (2016) என்ற பத்துப் பாடல் தொகுப்பு. ஜெஃப் லெமீர் வரைந்த சித்திரப் புத்தகத்தோடு வெளிவந்தது. வருமானம் மானிட்டோபா பல்கலைக்கழகத்தில் உள்ள உண்மை மற்றும் நல்லிணக்கத்துக்கான தேசிய மையத்துக்குப் போனது. பாரில்கோ பாட்டில் தகவலை அடுக்கிய கை இங்கே தகவலை ஏறக்குறைய முழுவதும் விட்டுவிடுகிறது. ஆண்டு இல்லை, பள்ளியின் பெயர் இல்லை. குளிர், தண்டவாளம், கண்ணாடிக் குப்பியில் சில தீக்குச்சிகள், அப்பாவின் முகம். சிறுவனின் வாயாகவே டவுனி பாடுகிறார்.

இங்கேதான் எனக்குத் தயக்கம். 'இது இரவல் தொப்பி' என்ற அந்தப் பழைய ஒப்புதல் இந்தத் தொகுப்பில் கேட்கவில்லை. ஒரு வெள்ளையர் பழங்குடிச் சிறுவனாக 'நான்' என்று பாடும்போது அந்த ஒப்புதல் முன்னெப்போதையும்விட அதிகம் தேவைப்பட்டது. சாவை எதிர்நோக்கியிருந்தவர் அவசரத்தோடு செய்த வேலை என்பதைப் புரிந்துகொள்கிறேன். அதனால் பல பள்ளிகளில் சேனியின் கதை பாடமானது என்பதும் உண்மை. தம் கடைசி நிகழ்ச்சியில் மேடையிலிருந்தே பிரதமரைக் குறிப்பிட்டு, வடக்கின் பழங்குடி மக்களைப் பற்றிப் பேசியவர் அவர். அந்த நேர்மையில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆயினும் சேனியைப் பற்றி முதலில் பாடியவர் டவுனி அல்லர். மிக்மாக் வழிவந்த பாடலாசிரியர் வில்லி டன் (இறப்பு 2013) 1970களின் தொடக்கத்திலேயே அந்தச் சிறுவனைப் பற்றிப் பாடிவிட்டார். 1968-இல் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்துக்காக 'க்ரோஃபுட்டின் கதைப்பாடல்' என்ற குறும்படத்தை எடுத்தவரும் இவரே. அவருடைய பாட்டு பத்து நிமிடப் படமோ சித்திரப் புத்தகமோ இல்லாமல், ஒரு கிட்டாரும் ஆழ்ந்த குரலுமாக, சிறுவனை வெளியிலிருந்து பார்த்து இரங்குகிறது. மெக்லீன்ஸ் கட்டுரை தந்த பெயரைக் கொண்டு அவரும் 'சார்லி' என்றே பாடினார். டவுனியின் தொகுப்பைப் படிக்கும் மாணவர்கள் அந்தப் பாட்டைத் தேடிக் கேட்டுவிட்டு இதற்கு வரலாம்.