சேலையை முந்தானையில் பார்க்காதீர்கள்

ராஜபாளையம் என்றால் நாய், ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் பால்கோவா. இரண்டு ஊருக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். பஸ்ஸில் கடந்து போகிறவர் கண்ணில் நூல் படுவதில்லை. ஆனால் 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ், சத்திரப்பட்டியின் விசைத்தறிகள், ஸ்ரீவில்லிபுத்தூர், சுந்தரபாண்டியத்தின் கைத்தறிகள் என்று இது பஞ்சை நம்பிப் பிழைத்த வட்டாரம்.

துணியை ரசிக்க முதலில் நூலின் நம்பரைக் கேட்கப் பழகுங்கள். 840 கஜ நீளம் ஒரு சிட்டம். ஒரு ராத்தல் எடைக்கு எத்தனை சிட்டம் தேறுகிறதோ அதுதான் நம்பர். ஒரு ராத்தல் 80-ஆம் நம்பர் நூலைப் பிரித்து நீட்டினால் சுமார் 61 கிலோமீட்டர் வரும். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இரண்டு நடை போய்வந்த பிறகும் கையில் மிச்சம் இருக்கும். இந்தக் கணக்கு மனசில் ஏறிவிட்டால் மெல்லிய சேலையைச் ‘சாதா காட்டன்’ என்று சொல்ல வாய் வராது.

அடுத்தது, யாரும் ரசிக்காத துணி: சத்திரப்பட்டி பேண்டேஜ். அதை வெளிச்சத்தில் பிடித்தால் நூலைவிட இடைவெளிதான் அதிகம். அந்த இடைவெளி ஒரே சீராக இருப்பதுதான் வேலைப்பாடு. அது ஈரத்தை உறிஞ்சவும் வேண்டும். பச்சைப் பஞ்சில் மெழுகு இருப்பதால் தண்ணீரில் மிதக்கும். வேகவைத்து வெளுத்த மருத்துவப் பஞ்சு பத்து விநாடிக்குள் முங்கிவிட வேண்டும். வீட்டிலேயே ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்.

இனி சேலைக்கு வருவோம். கடைக்காரர் முந்தானையைத்தான் விரிப்பார். நீங்கள் ஓரத்தைக் கேளுங்கள். துணி அகலம் சுருங்காமல் இழுத்துப் பிடிக்கும் குச்சியின் முள் குத்திய ஓட்டைகள் அங்கே இருக்கும். விசைத்தறியிலும் முள் உண்டு, ஆனால் அது விடாமல் வரிசையாகக் குத்திக்கொண்டே போகும். கைத்தறியில் நெய்பவர் சில அங்குலம் நெய்துவிட்டுக் குச்சியை நகர்த்துவதால் ஓட்டைகள் விட்டுவிட்டு விழும். பிறகு சேலையைப் புரட்டுங்கள். கையால் கோத்த புட்டாவில் நூல் அந்தப் பூவுக்குள்ளேயே திரும்பிவிடும். பூவுக்குப் பூ ஓடிய நூலை வெட்டிய பிசிறு தெரிந்தால் அது மிஷின் வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் குறுக்கே மெல்லிய கோடு ஒன்று தென்படலாம். தறியை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போய் வந்து அடித்த முதல் அடி கொஞ்சம் கூடியோ குறைந்தோ விழுந்திருக்கும். ‘கைமணம்’ என்று அதைக் கொண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. நல்ல நெசவாளி அந்தக் கோடு விழாமல் பார்த்துக்கொள்ளத்தான் பாடுபடுகிறார். கொசுவத்துக்குள் போகிற இடமென்றால் விட்டுவிடலாம். முந்தானையில் இருந்தால் வேறு சேலை கேளுங்கள்.

தறி வீட்டுக்குப் போக வாய்த்தால் கண்ணைவிடக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். மிதி, குறுக்கே ஓடும் நாடா, அச்சு அடி என்று மூன்று சத்தம் மாறிமாறி வரும். நடுவில் சத்தம் நின்றால் பெரும்பாலும் இழை அறுந்திருக்கும், இல்லையென்றால் நாடாவுக்குள் குறுக்கிழை சுற்றிய தார் தீர்ந்திருக்கும். அறுந்த இழையை முடிச்சுப் போடுகிறபோது பேச்சுக் கொடுக்காதீர்கள். தார் மாற்றும்போது, “அண்ணாச்சி, இது எத்தனாம் நம்பர்?” என்று கேட்டால் நம்பரோடு சேர்த்து, அந்தப் பாவு நூலைப் பிணைத்தது யார், சாயம் போட்டது எங்கே என்கிற கதையும் வந்துவிடும். கூலிக் கணக்கும் வரும். அதையும் கேட்டுக்கொண்டு வந்து, பிறகு நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் கடையில் பேரம் பேசலாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.